கடிதத்தின் கடைசி வரிக்கு எந்த அகராதி கைகொடுக்கும்? இலவச ஆங்கிலக் கற்போர் அகராதித் தளங்கள்: ஒரு மதிப்பீடு

"ஐ லுக் ஃபார்வர்ட் டு ஹியரிங் ஃப்ரம் யூ." உங்கள் பதிலை ஆவலோடு எதிர்நோக்குகிறேன் என்று பொருள். ஆங்கிலத்தில் அலுவல் கடிதம் எழுதுபவர்கள் அடிக்கடி எழுதும் வரி இது. அடிக்கடி பிழையாக எழுதப்படுவதும் இதுதான். 'ஹியரிங்' என்பதா, 'ஹியர்' என்பதா? 'டு' போடுவதா, 'ஃபார்' போடுவதா? இந்தச் சந்தேகத்தோடு அகராதியைத் திறப்பவருக்குத் தொடரின் பொருள் ஏற்கெனவே தெரியும். அதற்குப் பின்னால் என்ன வர வேண்டும், எந்த இடத்தில் அந்தத் தொடர் பொருந்தும் என்ற இரண்டும்தான் தெரிய வேண்டும். இந்த இரண்டையும் சொல்லாத அகராதி எவ்வளவு பெரியதாக இருந்தாலும் எழுதுபவருக்கு அதனால் அதிகப் பயன் இல்லை. லாங்மன், கேம்பிரிட்ஜ், ஆக்ஸ்ஃபோர்ட், காலின்ஸ் கோபில்ட் ஆகிய நான்கு கற்போர் அகராதிகளின் (ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாமல் கற்பவர்களுக்காக எழுதப்பட்டவை) இலவசத் தளங்களையும், அவற்றுக்குத் துணையாகும் சில கருவிகளையும் இங்கே இந்த அளவுகோலை வைத்தே பார்க்கிறோம்.

முதலில் விடையைச் சொல்லிவிடுவோம். 'லுக் ஃபார்வர்ட் டு' என்பதில் உள்ள 'டு' ஒரு முன்னிடைச்சொல் (பிரபொசிஷன்). 'டு கோ', 'டு ஈட்' என்று வினைக்கு முன்னால் வரும் 'டு' வேறு, இது வேறு. முன்னிடைச்சொல்லுக்குப் பின்னால் பெயர்ச்சொல் வரலாம், அல்லது பெயர்ச்சொல் போல நிற்கும் 'இங்' வடிவம் வரலாம். அதனால்தான் 'யுவர் ரிப்ளை' சரி, 'ஹியரிங் ஃப்ரம் யூ' சரி, 'ஹியர் ஃப்ரம் யூ' தவறு. சந்தேகம் வந்தால் 'டு'வுக்குப் பின்னால் 'இட்' என்ற சொல்லை வைத்துப் பாருங்கள். 'ஐ லுக் ஃபார்வர்ட் டு இட்' என்பது முழுமையாக நிற்கிறது. ஆகவே அந்த இடத்தில் வினை வந்தால் 'இங்' வேண்டும். 'ஐ வான்ட் டு இட்' நிற்காது. ஆகவே அங்கே வெறும் வினைதான். 'பீ யூஸ்ட் டு', 'அப்ஜெக்ட் டு', 'பீ கமிட்டட் டு', 'இன் அடிஷன் டு', 'வித் எ வியூ டு' எல்லாவற்றுக்கும் இதே சோதனை பொருந்தும். கடைசியாகச் சொன்னதில் படித்தவர்களும் தடுமாறுவார்கள். 'வித் எ வியூ டு இம்ப்ரூவ்' என்று அறிக்கைகளில் சர்வசாதாரணமாக வருகிறது. 'இம்ப்ரூவிங்' என்பதுதான் சரி. வெறும் வினையை வைத்தே எழுத வேண்டுமானால் 'இன் ஆர்டர் டு இம்ப்ரூவ்' என்று மாற்றிக்கொள்ளலாம்.

இனி தளங்கள்.

லாங்மன் தளத்தைத்தான் முதலில் திறக்கச் சொல்வோம். இந்த அகராதியின் முதல் பதிப்பு 1978இல் வந்தது. சுமார் 2000 எளிய சொற்களை மட்டும் கொண்டே எல்லா விளக்கங்களையும் எழுதுவது என்ற கட்டுப்பாட்டை அப்போதிருந்தே வைத்திருக்கிறார்கள். ஒரு சொல்லின் விளக்கத்தைப் புரிந்துகொள்ள இன்னொரு சொல்லைத் தேடி ஓடும் தொல்லை இதனால் மிகவும் குறைகிறது. ஆனால் தொடர்களைப் பொறுத்தவரை இதன் பெரிய பலம், அமைப்பைத் தடித்த எழுத்தில் தனி வரியாகக் காட்டுவது. 'லுக் ஃபார்வர்ட் டு' பதிவில் 'லுக் ஃபார்வர்ட் டு டூயிங் சம்திங்' என்று எழுதி, அதற்கு நேராக எடுத்துக்காட்டு வாக்கியம் கொடுக்கப்பட்டிருக்கும். அந்த 'டூயிங்' என்ற ஒரே சொல்லில் விடை இருக்கிறது. பலர் இதைக் கவனிக்காமல் பொருளை மட்டும் படித்துவிட்டு மூடிவிடுகிறார்கள்.

கற்போர் அகராதிகளில் இந்த அமைப்பு வரிகளைப் படிக்கத் தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. 'சம்திங்' என்று மட்டும் இருந்தால் பெயர்ச்சொல் வர வேண்டும். 'டூயிங் சம்திங்' என்றால் 'இங்' வடிவம். 'டு டூ சம்திங்' என்றால் 'டு'வும் வெறும் வினையும். 'டூ சம்திங்' என்றால் 'டு' இல்லாத வெறும் வினை. 'சம்படி டூயிங் சம்திங்' என்றால் நடுவில் ஆளைக் குறிக்கும் சொல் வந்து பிறகு 'இங்'. 'டூயிங்' என்ற சொல் அடைப்புக்குறிக்குள் இருந்தால் அதைச் சேர்த்தும் எழுதலாம், விட்டும் எழுதலாம். அதாவது 'இங்' வடிவமும் வரும், வெறும் பெயர்ச்சொல்லும் வரும். சில தளங்கள் 'சம்திங்', 'சம்படி' ஆகியவற்றை 'எஸ்-டி-எச்', 'எஸ்-பி' என்று இரண்டு மூன்று எழுத்துகளாகச் சுருக்கிப் போடும். லாங்மன் முழுச் சொல்லாகவே எழுதுகிறது, புதியவருக்கு அது நல்லது.

லாங்மனில் இன்னொன்று. இலக்கணக் குறிப்புப் பெட்டிகளில் பெருக்கல் குறி போட்டு, 'இப்படிச் சொல்லாதீர்கள்' என்று தவறான வடிவத்தையும் காட்டுவார்கள். சரியானதை மட்டும் பார்ப்பதைவிடச் சரியும் தவறும் அருகருகே நிற்பதைப் பார்த்தால் மனதில் நிற்கும். எடுத்துக்காட்டு வாக்கியங்களுக்குப் பக்கத்தில் ஒலிக்குறியும் இருக்கிறது. தனிச்சொல்லின் உச்சரிப்பு எல்லாத் தளத்திலும் கிடைக்கும், ஆனால் முழு வாக்கியத்தையும் ஒருவர் வாசிக்கக் கேட்பது அரிது. சொல்லுக்குப் பக்கத்தில் சிறிய பெட்டியில் ஓர் எழுத்தும் ஓர் எண்ணும் தெரியும்: 'எஸ்' என்றால் பேச்சு, 'டபிள்யூ' என்றால் எழுத்து, 1, 2, 3 என்பவை அதிகம் பயன்படும் முதல் ஆயிரம், இரண்டாம் ஆயிரம், மூன்றாம் ஆயிரம் சொற்கள். பேச்சுக்கு மட்டும் குறி இருந்து எழுத்துக்கு இல்லாத சொல்லை அலுவல் கடிதத்தில் போடுவதற்கு முன் யோசிக்கலாம்.

குறைகளும் உண்டு. விளம்பரங்கள் அதிகம், கைப்பேசியில் பக்கம் துள்ளும். 'லுக்' போன்ற பெரிய வினைகளின் பதிவு மிக நீளம், கூட்டுவினைகள் ('லுக் ஃபார்வர்ட் டு' போல வினையோடு வேறு சொற்கள் சேர்ந்த தொடர்கள்) எல்லாம் அடியில் இருக்கும். அதனால் தேடல் பெட்டியில் ஒற்றைச் சொல்லை இடாமல் முழுத் தொடரையும் இடுங்கள். பக்கத்தின் கடைசியில் உரைத்தொகுப்பிலிருந்து (பலர் எழுதியவற்றையும் பேசியவற்றையும் திரட்டிய கணினிச் சேமிப்பு) எடுத்த வாக்கியங்கள் என்று ஒரு பகுதி வரும். அவை உண்மையில் யாரோ எங்கோ எழுதியவை. நடைமுறையைக் காட்டுமே தவிர, பார்த்து எழுதுவதற்கான மாதிரிகள் அல்ல. ஆசிரியர் குழு தேர்ந்தெடுத்த எடுத்துக்காட்டுகள் மேலே இருக்கின்றன, நம்ப வேண்டியது அவற்றைத்தான்.

நடை என்ற இரண்டாவது கேள்விக்கு கேம்பிரிட்ஜ் மேல். 'லுக் ஃபார்வர்ட் டு' தொடருக்கு இங்கே இரண்டு பொருள்களைப் பிரித்துக் காட்டியிருக்கிறார்கள். ஒன்று, வரப்போகும் ஒன்றை நினைத்து மகிழ்ச்சியோடு காத்திருப்பது. மற்றது, முறைசார் கடிதத்தின் முடிவில், பதிலோ சந்திப்போ வேண்டும் என்பதைக் குறிக்க எழுதுவது. இந்தப் பிரிவினை எழுதுபவருக்குப் பெரிய உதவி. முதல் பொருளில் 'ஐ அம் லுக்கிங் ஃபார்வர்ட் டு' என்ற தொடர்நிகழ்கால வடிவம் இயல்பு. நண்பருக்கும் நெருங்கிய சக ஊழியருக்கும் அது போதும். இரண்டாவதில் 'ஐ லுக் ஃபார்வர்ட் டு' என்ற நேரான நிகழ்காலம்தான் மரபு. எழுவாயை விட்டுவிட்டு 'லுக்கிங் ஃபார்வர்ட் டு ஹியரிங் ஃப்ரம் யூ' என்று தொடங்குவது இன்னும் தளர்வானது. மின்னஞ்சலில் ஓடும், வேலை விண்ணப்பத்தில் வேண்டாம்.

சொற்களுக்கும் பொருள்களுக்கும் ஏ1 (தொடக்கநிலை) முதல் சி2 (மிக உயர்நிலை) வரை ஐரோப்பியத் தர அளவைக் குறித்திருப்பது கேம்பிரிட்ஜின் இன்னொரு வசதி. யாருக்கு எழுதுகிறோமோ அவருக்கும் ஆங்கிலம் தாய்மொழி இல்லையென்றால், சி2 குறியுள்ள மரபுத்தொடரைத் தவிர்க்க இந்தக் குறி உதவும். அகராதியோடு ஒரு முழு இலக்கணப் பகுதியும் அதே தளத்தில் இணைக்கப்பட்டிருக்கிறது, அதில் பல பக்கங்களில் வழக்கமான பிழைகள் என்று தனிப்பகுதி வருகிறது. 'பீ யூஸ்ட் டு'வையும் 'யூஸ்ட் டு'வையும் குழப்பிக்கொள்பவர்கள் அகராதிப் பக்கத்தைவிட இந்த இலக்கணப் பக்கத்துக்கே நேராகப் போகலாம். ஆனால் அகராதிப் பதிவில் அமைப்பு வரிகள் லாங்மன் அளவுக்கு எடுப்பாகத் தெரியாது. 'இங்' வர வேண்டும் என்பதை எடுத்துக்காட்டுகளிலிருந்து நீங்களே ஊகிக்க வேண்டிய இடங்கள் இருக்கின்றன. ஆகவே லாங்மனும் கேம்பிரிட்ஜும் ஒன்றுக்கொன்று மாற்று அல்ல, இரண்டு தாவல்களில் இரண்டையும் திறந்து வைப்பதே நல்லது.

ஆக்ஸ்ஃபோர்ட் கற்போர் அகராதிக்குப் பெயர் பெரிது. ஏ.எஸ். ஹார்ன்பி என்ற ஆங்கில ஆசிரியர் ஜப்பானில் பணியாற்றியபோது தொகுத்து 1942இல் அங்கே வெளிவந்த அகராதிதான் பிறகு 1948இல் ஆக்ஸ்ஃபோர்ட் வழியாக உலகுக்கு வந்தது. பத்தாம் பதிப்பு 2020இல் வெளியானது. வினை எந்த அமைப்பை ஏற்கும் என்பதை மாணவருக்குச் சொல்ல வேண்டும் என்ற எண்ணம் இதில் தொடக்கத்திலிருந்தே இருக்கிறது, இன்றைய இணையப் பதிப்பிலும் அமைப்பு வரிகள் தெளிவாகவே உள்ளன. ஒரு பதிவின் தலைப்பிலேயே 'மரபுத்தொடர்கள்', 'கூட்டுவினைகள்' என்று தாவிச் செல்லும் இணைப்புகள் இருப்பதால் நீளமான பதிவில் தொலைந்துபோக வேண்டியதில்லை. மரபுத்தொடர்களைப் பொதுவாக அதன் முதல் முழுச்சொல்லின் கீழே வைப்பார்கள். 'வித் எ வியூ டு' வேண்டுமென்றால் 'வித்'தில் தேடாமல் 'வியூ'வில் தேட வேண்டும்.

கட்டுரை எழுதுபவர்களுக்கு இதில் ஒரு புதையல் உண்டு: 'லாங்வேஜ் பேங்க்' பெட்டிகள். வேறுபாட்டைக் காட்ட, முடிவைச் சொல்ல, ஆதாரத்தைக் குறிப்பிட எந்தெந்தத் தொடர்கள், எந்த இடத்தில், எந்த நிறுத்தக்குறியோடு வரும் என்று முழு வாக்கியங்களாகவே தந்திருப்பார்கள். 'ஆன் தி அதர் ஹேண்ட்' என்பதை 'மேலும்' என்ற பொருளில் எழுதுபவர்கள் நிறைய. முன்னால் சொன்னதற்கு எதிர்ப்பக்கமாக ஒன்று வந்தால்தான் அது பொருந்தும். அந்த வேறுபாட்டை ஒற்றை வரி விளக்கத்தைவிட இப்படிப்பட்ட பெட்டி நன்றாகப் புரியவைக்கிறது.

காலின்ஸ் கோபில்ட் வேறு மாதிரி. பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் மொழியியலாளர் ஜான் சின்க்ளேர் தலைமையில் கணினி உரைத்தொகுப்பை அடிப்படையாக வைத்து உருவாகி 1987இல் வந்தது. விளக்கத்தை முழு வாக்கியமாக எழுதுவது இதன் அடையாளம்: 'நீங்கள் ஒன்றை இப்படிச் செய்தால், அது இன்ன பொருள்' என்ற பாணி. அந்த வாக்கியத்துக்குள்ளேயே தொடர் தன் இயல்பான இடத்தில் உட்கார்ந்திருக்கும், யார் செய்கிறார், எதைச் செய்கிறார் என்பதும் தெரிந்துவிடும். எடுத்துக்காட்டுக்குப் பின்னால் சதுர அடைப்பில் வினை, துகள் (வினையோடு சேரும் 'அப்', 'ஃபார்வர்ட்' போன்ற சிறுசொல்), 'இங்' வடிவம் என்று இலக்கணக் குறியும் போட்டிருப்பார்கள். ஆனால் காலின்ஸ் தளத்தில் ஒரே பக்கத்தில் கோபில்ட், பிரிட்டிஷ் ஆங்கில அகராதி, அமெரிக்க ஆங்கில அகராதி மூன்றும் அடுக்கடுக்காக வருகின்றன. கீழே உள்ளவை தாய்மொழியினருக்காக எழுதப்பட்டவை. அமைப்பு பற்றிய தகவல் குறைவு, வழக்கொழிந்த பொருள்களும் கலந்திருக்கும். மேலே கோபில்ட் என்று பெயர் தெரிகிறதா என்று பார்த்துவிட்டுப் படியுங்கள்.

மேக்மில்லன் கற்போர் அகராதியை இன்னும் பலர் பரிந்துரைக்கிறார்கள். 2002இல் வந்த நல்ல அகராதி. அச்சை நிறுத்தி இணையத்துக்கு மட்டும் மாறியது, 2023இல் அந்தத் தளமும் மூடப்பட்டது. பழைய பாடக்குறிப்புகளில் உள்ள இணைப்புகள் இனி உதவா. இணையத் தளத்தை மட்டும் நம்பியிருப்பதில் இந்த ஆபத்து உண்டு என்பதால், எழுத்தே தொழிலாக இருப்பவர்கள் மேலே சொன்ன நான்கில் ஏதாவது ஒன்றின் அச்சுப் பிரதியையும் வைத்திருப்பது நல்லது.

அகராதிகள் எல்லாவற்றிலும் பொதுவாக மெலிந்திருக்கும் இடம் ஒன்று இருக்கிறது. 'ஹியரிங் ஃப்ரம் யூ' என்பதில் கேட்பவர் யார்? எழுதுகிற 'ஐ'தான். 'இங்' வினையைச் செய்பவர் வாக்கியத்தின் எழுவாயே. இதை மறந்துவிட்டு, 'நீங்கள் பதில் எழுதுவதை எதிர்பார்க்கிறேன்' என்று நினைத்துக்கொண்டு 'ஐ லுக் ஃபார்வர்ட் டு ரிப்ளையிங்' என்று எழுதினால், பதில் எழுதப்போவது நான் என்று ஆகிவிடும். இலக்கணம் சரி, பொருள் தலைகீழ். வேறொருவர் செய்வதைச் சொல்ல வேண்டுமானால் நடுவில் அவரைக் கொண்டுவர வேண்டும்: 'டு யூ ஜாயினிங் அஸ்' அல்லது இன்னும் முறையாக 'டு யுவர் ஜாயினிங் அஸ்'. சுருக்கமான அகராதிப் பதிவுகளில் இந்த அமைப்பு பெரும்பாலும் கண்ணில் படாது. கடிதத்தில் இதையெல்லாம் சுற்றிப்போக எளிய வழி பெயர்ச்சொல்லைப் பிடிப்பது: 'யுவர் ரிப்ளை', 'அவர் மீட்டிங்'.

இருமொழி அகராதி மட்டும் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு சிக்கல். 'எதிர்பார்' என்ற ஒரே தமிழ்ச்சொல் 'எக்ஸ்பெக்ட்'டுக்கும் வரும், 'லுக் ஃபார்வர்ட் டு'வுக்கும் வரும். ஆங்கிலத்தில் 'லுக் ஃபார்வர்ட் டு' மகிழ்ச்சியான காத்திருப்புக்கே உரியது. தாமதத்தையோ புகாரையோ எதிர்பார்க்கும்போது 'எக்ஸ்பெக்ட்' என்றுதான் எழுத வேண்டும்.

எடுத்துக்காட்டுகள் இன்னும் வேண்டும் என்றால் ஸ்கெல் என்ற இலவசக் கருவி இருக்கிறது. ஸ்கெட்ச் எஞ்சின் என்ற உரைத்தொகுப்புத் தேடல் மென்பொருளின் குழுவினர் மொழி கற்பவர்களுக்காக உருவாக்கியது, பதிவு செய்ய வேண்டியதில்லை. தொடரை இட்டால் 40 வாக்கியங்கள் வரை காட்டும். அகராதியில் கிடைக்காத 'யூ ஜாயினிங்' போன்ற அமைப்புகளைத் தேட இது ஏற்றது. வாக்கியங்களை ஒவ்வொன்றாகப் படிக்காமல், தொடருக்கு அடுத்து நிற்கும் சொல்லை மட்டும் மேலிருந்து கீழாகப் பார்த்துக்கொண்டே வாருங்கள். அமைப்பு தானாகத் தெரியும்.

இரண்டு வடிவங்களில் எது வழக்கு என்று ஒப்பிட, கூகுள் புத்தகங்களின் என்கிராம் வியூவர் உண்டு. காற்புள்ளியால் பிரித்து இரண்டு தொடர்களையும் இட்டால் ஆண்டுவாரியாகக் கோடு வரைந்து காட்டும். ஒரு தொடருக்கு ஐந்து சொற்கள்தான் வரம்பு, குறைந்தது 40 புத்தகங்களில் வராத தொடர் காட்டப்படாது, பெரிய எழுத்து சின்ன எழுத்து வேறுபாட்டைத் தனியாக அணைக்க வேண்டும். பிரிட்டிஷ், அமெரிக்கத் தொகுப்புகளைத் தனித்தனியாகவும் தேர்ந்தெடுக்கலாம். இதில் தவறுவது எங்கே என்றால், தொடரை அரைகுறையாக இடுவதில். 'ஃபார்வர்ட் டு ஹியர்' என்று மட்டும் இட்டால், 'கேட்பதற்காக முன்னால் வந்தார்' என்ற பொருளில் வரும் சரியான வாக்கியங்களும் சேர்ந்து எண்ணப்படும். கோடு உயர்ந்து தெரிவதைப் பார்த்து, தவறான வடிவம் வழக்கில் இருக்கிறது என்ற முடிவுக்கு வந்துவிடுவோம். 'லுக்' என்ற சொல்லையும் சேர்த்தே இட வேண்டும்.

தேடுபொறியில் தட்டி, எத்தனை முடிவுகள் வந்தன என்று எண்ணிப் பார்க்கும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். அந்த எண் ஒரு தோராயம்தான். பிழையான வடிவத்தை விளக்கி எழுதிய பக்கங்களும் அதே கணக்கில் சேரும்.

கடைசியாக, எழுதும்போதே அடிக்கோடு போடும் பிழைதிருத்திகள். 'லுக் ஃபார்வர்ட் டு ஹியர்' போன்ற பிரபலமான பிழையை இவை பெரும்பாலும் பிடித்துவிடும், ஏனென்றால் 'ஹியர்' வினை மட்டுமே. 'லுக் ஃபார்வர்ட் டு வொர்க்' என்று எழுதிப் பாருங்கள். 'வொர்க்' பெயர்ச்சொல்லும் ஆகும், வினையும் ஆகும். வேலையை ஆவலோடு எதிர்நோக்குகிறேன் என்ற பொருளில் அந்த வரி இலக்கணப்படி சரி என்பதால் கருவி பேசாமல் இருந்துவிட வாய்ப்புண்டு. எழுதியவர் நினைத்ததோ 'உங்களோடு வேலை செய்வதை'. 'வித் யூ' பின்னால் வரும்போது 'வொர்க்கிங்' என்றுதான் இருக்க வேண்டும். 'விசிட்', 'ரிப்ளை', 'சப்போர்ட்' எல்லாம் இதே வகை. இந்தச் சொற்கள் 'டு'வுக்குப் பின்னால் வந்தால் அடிக்கோடு இல்லையென்று விட்டுவிடாதீர்கள். அதற்கு முன்னால் 'எ' அல்லது 'யுவர்' சேர்த்தால் நீங்கள் நினைத்த பொருள் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் அதைச் சேர்த்து எழுதுங்கள், வராவிட்டால் 'இங்' போடுங்கள்.